பெரியமேடு கவின்கலைக் கல்லூரி: நாங்கள் கண்டவையும் கேட்டவையும்

சிற்பத் துறை, முன்னாள் மாணவர்

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் விருதுப் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1954-இல் தேசிய நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் முதல் தலைவரானதையும், இங்கே பயின்ற தோட்டா தரணி 2001-இல் பத்மஸ்ரீ பெற்றதையும் நானும் பெருமையாகவே சொல்வேன். ஆனாலும் என் நினைவில் நிற்பது, ஆண்டுக் கண்காட்சிக்கு வந்திருந்த ஒரு மூத்த மாணவரைச் சந்தித்ததுதான்.

பரிசுச் சீட்டு ஒட்டிய படைப்புகளை அவர் ஒரு பார்வையில் கடந்து, நேராக எங்கள் சிற்பக் கொட்டகைக்கு வந்தார். ஈரத்துணி போர்த்தியிருந்த களிமண் தலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, உள்ளே கம்பி கட்டியது யார், பிளாஸ்டர் அச்சு எடுப்பது யார் என்றெல்லாம் விசாரித்தார். மறுநாள் காலையில் எங்களில் சிலரை மெரினாவுக்கு அழைத்துச் சென்று, ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்குப் பின்புறம் நிறுத்தினார்.

“முகத்தைப் பிறகு பார்க்கலாம், தம்பி. முதலில் முதுகைப் பாருங்கள்.”

பாறையைப் பெயர்க்க முனையும் அந்த நான்கு பேரின் பாரம் உள்ளங்காலில் ஊன்றி, கெண்டைக்கால் வழியாக ஏறி, தோளில் போய்ச் சேர்வதை அவர் விரலால் காற்றில் வரைந்து காட்டியபோது, பேருந்திலிருந்து எத்தனையோ முறை பார்த்த சிலையை அன்றுதான் முழுமையாகப் பார்த்தேன். அதற்கு உருமாதிரியாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் வாயிற்காவலர் என்பது எங்களிடையே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1959-இல் நிறுவப்பட்ட சிலை அது. ஒரு கல்லூரியின் வாயிலில் நின்றவரை ஊரே அண்ணாந்து பார்க்கிறது என்றால், அதைவிடப் பெரிய கல்லூரிச் செய்தி எனக்குத் தெரிந்து வேறில்லை.

செராமிக் பிரிவு, முன்னாள் மாணவி

எங்கள் பிரிவின் கண்காட்சி மேசைக்கு ஒருமுறை பாத்திர வியாபாரி ஒருவர் வந்தார். சூளையிலிருந்து எடுத்து ஓரிரு நாளே ஆன கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, மெருகு படாமல் விடப்பட்டிருந்த அடிவட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் படித்து என்ன செய்வீர்கள், அம்மா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார்.

உங்கள் கடையில் அலுமினியப் பாத்திரம் உண்டா என்று நான் திருப்பிக் கேட்டேன். இக்கல்லூரி கலைப்பள்ளியாக இருந்த காலத்தில், 1898-இல், ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் உள்ளூர் உலோகத் தொழிலாளர்களைக் கொண்டு இங்கேதான் அலுமினியப் பாத்திரங்களைச் செய்யத் தொடங்கினார் என்றும், அந்தத் தொழில் பிறகு தனி நிறுவனமாக வளர்ந்தது என்றும் விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஆசிரியரிடம் போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே திரும்பி வந்து, கோப்பைகளின் விலையை விசாரித்தார். (பேரம் பேசாமல் இருந்தாரா என்று கேட்காதீர்கள், வியாபாரி வியாபாரிதான்.) மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கியதிலிருந்தே பட்டறையும் வகுப்பறையும் இங்கு சேர்ந்தே இருந்திருக்கின்றன. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்களும் பத்திக் துணி (மெழுகு தடவிச் சாயமேற்றியது) முதலிய கைவினைப் பொருள்களை விற்றே தங்கள் ஓவிய வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

மாணவி ஒருவரின் தந்தை

நான் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவன். பிளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை எடுக்கும் நாள்கள் குறைந்துவிட்டன. மகளை வரைதல் தேர்வுக்கு அழைத்து வந்தபோது, மரத்தடியில் காத்திருந்த பெற்றோர் அனைவருக்கும் வேலை கிடைக்குமா என்ற ஒரே கவலைதான், நடிகர் சிவகுமார் இங்கே படித்தவர் என்று ஒருவர் சொல்ல, “அவர் சினிமாவுக்கல்லவா போனார்!” என்று இன்னொருவர் பெருமூச்சு விட்டார்.

காட்சித் தொடர்பு வடிவமைப்பு படிக்கும் என் மகளின் தமிழ் எழுத்துருக்கள் இவ்வாண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன. ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கு எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்துப் பழகியதாக அவள் சொன்னாள். ஆனால் ‘கு’வின் சுழியில் தூரிகையைச் சற்றே திருப்பி மெலிய விட்டிருந்தது நான் பலகையில் செய்வது. அருகில் நின்ற ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அடுத்த பருவத்தில் ஒரு நாள் வந்து மாணவர்களுக்கு எழுதிக் காட்ட முடியுமா என்று அவர் கேட்டார், ஒப்புக்கொண்டிருக்கிறேன். பலகை எழுதும் பழைய கூட்டாளிகள் இருவரும் உடன் வருகிறார்கள். எனாமல் வண்ணமும் அணில்வால் தூரிகைகளும் நாங்களே கொண்டுவருவோம். கல்லூரி தகரப் பலகைகளை மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.