எரேமியா 31:17 ஐ இந்த அம்மாவுக்கு எப்படி வாசித்துக் காட்டுவது?

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஓர் அம்மாவின் மகன், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் காணாமல் ஆக்கப்பட்டவர். பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவரும் அவருடைய வேதாகமத்தில், எரேமியா 31 ஆம் அதிகாரத்துக்குள் மகனின் சிறிய படம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரங்கள் விரல் பட்டு வெளுத்துவிட்டன. சென்ற கிழமை அவர் 17 ஆம் வசனத்தைக் காட்டி, "பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று ஆண்டவர் சொன்னது எனக்கும்தானே, தம்பி?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த வாக்கு சிறைப்பட்டுப்போன இஸ்ரவேல் மக்களின் மீள்வரவைக் குறித்தது என்பதை அறிவேன். ஆனால் அதை விளக்கி அவருடைய நம்பிக்கையைப் பறிக்கவோ, "கட்டாயம் வருவார்" என்று ஆண்டவரின் பெயரால் நானாக உறுதி கொடுக்கவோ மனம் ஒப்பவில்லை. தன் பிள்ளைகளை இழந்து ஆறுதலடையாமல் அழும் ராகேலை, இஸ்ரவேலரின் அந்த முன்னோர்த் தாயை, 15 ஆம் வசனம் கண்டிக்கவில்லை என்பதும், ஏரோது ராஜா குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லுமிடத்தில் மத்தேயு அதையே எடுத்தாள்வதும், இந்த அழுகைக்கு ஆண்டவரிடத்தில் இடமுண்டு என்று எனக்குக் காட்டுகின்றன. அங்கிருந்தே தொடங்கலாமா?

இத்தகைய குடும்பங்களோடு கூடவே நடந்த போதகர்கள், அருட்தந்தையர், பிள்ளையைத் தேடும் தாய்மார் எவரேனும் இங்கு இருந்தால், எந்த வார்த்தை ஆறுதல் தந்தது, எது புண்படுத்தியது என்று தயவுசெய்து எழுதுங்கள். வருகிற சனிக்கிழமையும் அவர் வருவார்.