டயாட்டம் ஸ்லைடில் கண்ட கோளாறுகள்: எந்தக் கட்டத்தில் பிசகியது?

சிலிக்காக்கூடு:
டயாட்டம் என்பது சிலிக்காவால் ஆன கூடு கொண்ட ஒருசெல் பாசி; கூட்டின் இரு பாதிகளில் ஒவ்வொன்றும் ஒரு வால்வு. இனம் காண, அமிலத்தாலோ பெராக்சைடாலோ உயிர்ப்பொருளை அழித்து, கழுவி, கூட்டை மட்டும் ஸ்லைடில் ஒட்டுகிறோம். ஸ்லைடு முழுக்க ஊசி ஊசியாகத் தெரிந்தால் உடனே நிட்ஷியா என்ற நீண்ட டயாட்டம் என்று பட்டியலில் எழுதிவிட வேண்டாம். கூட்டுக்குரிய நுண்வரிகள் இல்லை, முனைகள் ஒடித்தாற்போல இருக்கின்றன என்றால் அது பெரும்பாலும் கால்சியம் சல்பேட் படிகம். சுண்ணாம்பு மிகுந்த நீரின் மாதிரியில் நேராகக் கந்தக அமிலத்தை ஊற்றினால் இதுதான் கிடைக்கும், கழுவியும் லேசில் போகாது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நுரை அடங்கியபின் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கந்தக அமிலமே தேவையில்லை என்பது என் கட்சி. 250 மி.லி. பீக்கரில் 5 முதல் 10 மி.லி. அடர்ந்த மாதிரி, 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 20 மி.லி., சுமார் 90 டிகிரி செல்சியஸில் ஒன்று முதல் மூன்று மணி நேரம். பழுப்பு வண்டல் வெளிறிச் சாம்பல் வெள்ளையானால் முடிந்தது. இத்தனை சிறிய அளவுக்கு ஏன் இவ்வளவு பெரிய பீக்கர் என்றால், இரும்பும் மாங்கனீசும் உள்ள சேறு பெராக்சைடைக் கண்டதும் பொங்கும். அதனால் முதலில் சூடேற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடங்குகிறதா என்று பார்த்துவிட்டே அடுப்பில் வைக்க வேண்டும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஆவியை வெளியே இழுக்கும் புகைக் கூண்டுக்குள்தான் (fume hood) இந்த வேலை.

குளத்துப்பாசி:
இதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஆல்கஹாலிலோ ஃபார்மலினிலோ பாதுகாத்த மாதிரி என்றால், பெராக்சைடோ நைட்ரிக் அமிலமோ அருகில் வருமுன் வாலைவடிநீரில் நன்றாகக் கழுவியாக வேண்டும். ஆல்கஹால் மிச்சத்தோடு இவை சேர்ந்தால் வெடிக்கும் அளவுக்குப் போகலாம்.

கழுவுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பீக்கரில் நீர் நிற்கும் ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் ஒரு மணி நேரம் படியவிட வேண்டும். 8 செ.மீ. என்றால் 8 மணி நேரம். அதற்கு முன்பே மேல்நீரை இறுத்தால் சாக்கடையில் போவது சின்னஞ்சிறு அக்னாந்திடியம் வகைகள்தான். பெரிய பின்னுலேரியா மட்டும் தங்கிவிடும், எண்ணிக்கையே சாய்ந்துவிடும். நான்கைந்து முறையாவது கழுவ வேண்டும். சென்ட்ரிஃப்யூஜ் வைத்திருப்பவர்கள் வேகத்தைக் குறைத்தே வையுங்கள். உல்னேரியா போல நீண்டு மெலிந்தவை அதில் ஒடிந்து துண்டாகும்.

ரேஃபி:
ஸ்லைடின் ஓரத்தில் வளையமாகக் குவிந்து நடுவே காலியாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: கழுவிய டயாட்டம் நீரைத் துளியாக விட்ட கவர் ஸ்லிப்பை ஹாட் பிளேட்டில் வைத்து வேகமாக உலர்த்தியிருப்பீர்கள். சூட்டில் துளிக்குள் நீர் சுழன்று எல்லாவற்றையும் விளிம்புக்குத் தள்ளிவிடும். மட்டமான மேசையில், காற்றும் அதிர்வும் இல்லாத இடத்தில், தூசி விழாமல் மூடி ஓர் இரவு விட்டால் போதும். அப்படியும் வால்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால், கரைசலில் 10% அம்மோனியம் குளோரைடு ஒரு துளி சேர்த்துப் பாருங்கள். பின்னால் சூடேற்றும்போது அது ஆவியாகிவிடும். நீர் லேசாகக் கலங்கித் தெரிகிற அளவே சரியான அடர்த்தி. 100 மடங்கு ஆப்ஜெக்டிவில் ஒரு பார்வைப் புலத்துக்குப் பத்துப் பதினைந்து வால்வுக்கு மேல் வந்தால் மறுபடி நீர்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரிகள் மங்கலாகவே தெரிந்தால் லென்சைக் குறை சொல்லாதீர்கள், கவர் ஸ்லிப்பை ஸ்லைடில் ஒட்டும் பிசினைப் பாருங்கள். கூட்டின் சிலிக்காவுக்கு ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.43. கனடா பால்சம் 1.53 அளவில் நிற்கிறது; வித்தியாசம் குறைவு என்பதால் கூடு பிசினுக்குள் கரைந்தாற்போல ஆகிவிடும். நாஃப்ராக்ஸ் என்ற பிசின் உலர்ந்தபின் 1.7-ஐத் தாண்டும். ஸ்லைடில் ஒரு துளி பிசின், அதன்மேல் கவர் ஸ்லிப்பை டயாட்டம் உள்ள பக்கம் கீழாகக் கவிழ்த்து, சூடாக்கிக் குமிழிகள் கிளம்பி ஓய்ந்ததும் எடுத்து மெல்ல அழுத்த வேண்டும். கிளம்புவது டொலுவீன் ஆவி, அதுவும் புகைக் கூண்டுக்குள்தான். ஆறியபின் ஊசியால் ஓரத்தைக் குத்திப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் கரைப்பான் இன்னும் மிச்சமிருக்கிறது, திரும்பச் சூடாக்கலாம்.

பாசிவலை:
ஆற்றில் டயாட்டம் எடுக்கப் போகிறவர்கள் கல்லைப் பார்த்து எடுங்கள். குறைந்தது 5 கற்கள், ஓடும் நீரில், சில வாரமாவது தொடர்ந்து முழுகிக் கிடந்தவை. நேற்று வெள்ளத்தில் உருண்டு வந்த கல் அந்த இடத்து நீரைப் பற்றி எதுவும் சொல்லாது. மேற்பரப்பைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் தட்டில் கழுவ வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் புது பிரஷ். முந்தைய இடத்தின் கூடுகள் நார்களுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று, மாதிரி முழுவதையும் பெராக்சைடில் போட்டுவிடாதீர்கள். பாதியை உயிரோடு வைத்து அன்றே பாருங்கள். சுத்தம் செய்த ஸ்லைடில் செத்த கூடும் உயிருள்ள கூடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உயிருள்ள மாதிரியில் மட்டுமே பழுப்புப் பசுங்கணிகமும் நகர்வும் தெரியும். மற்ற பாசிகள் அமிலத்தில் அழிந்தே போகும். ஸ்பைரோகைரா என்ற இழைப்பாசியை இனம் வரை சொல்ல, இழைகளின் பாலிணைவும் அதில் உண்டாகும் முதிர்ந்த சைகோஸ்போரும் வேண்டும். வெறும் இழையை வைத்துப் பெயர் வைப்பது வீண். குறுக்குச் சுவரில்லாத பச்சை இழை கிடைத்தால் லூகால் கரைசல் (அயோடின் கரைசல்) ஒரு துளி விடுங்கள். கருநீலமாகாமல் எண்ணெய்த் துளிகள் மட்டும் தெரிந்தால் வாஷீரியாவாக இருக்கலாம், அது ஸ்டார்ச் சேர்ப்பதில்லை.

ரேஃபி:
எண்ணும்போது நேரும் குழப்பம் ஒன்று. காக்கோனீஸ் கூட்டில் ஒரு வால்வில் மட்டுமே ரேஃபி என்னும் நீளவாட்டுப் பிளவு இருக்கும், மற்றதில் இருக்காது. அக்னாந்திடியத்திலும் அப்படியே. அமிலம் இரண்டையும் பிரித்துப் போட்டுவிடுவதால், புதியவர்கள் ஒரே இனத்தை இரண்டாக எழுதிவிடுகிறார்கள். அளவும் விளிம்பின் வடிவமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிரியாமல் ஒட்டியிருக்கும் ஒரு முழுக் கூட்டைத் தேடி, ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தினால் இரு முகமும் அடுத்தடுத்துத் தெரியும்.

சிலிக்காக்கூடு:
முழுக் கூட்டை எண்ணிக்கையில் இரண்டு வால்வாகப் போடுங்கள். உடைந்த துண்டில் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்று. பக்கவாட்டில் கிடக்கும் கோம்ஃபோனீமாவை ஆப்பு வடிவத்தை வைத்துப் பேரினம் வரைதான் சொல்ல முடியும், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.