ஒலோன்ஹோவிலும் உலிகெரிலும் ஒரே சொற்கள்: கடனா, உறவா?

ஓலைவாசி:
மூன்று மாதமாக ராத்திரி இரண்டு வாய்மொழி வீரகாவிய மரபுகளை ஒப்பிடுவதே வேலை. ஒரு பக்கம் சைபீரியாவின் யாகூத்தியரின் (தங்களைச் சாஹா என்பார்கள்) ஒலோன்ஹோ: 1930களில் சாஹா எழுத்தாளர் ஒயூன்ஸ்கி எழுதிவைத்த ‘நியுர்குன் போத்துர்’. மறுபக்கம் பைக்கால் ஏரிப் பக்கத்துப் புரியாத்தியரின் உலிகெர்: 1906இல் மான்ஷுத் எமெகெயெவ் பாட, புரியாத்து அறிஞர் ஜம்சரானோ எழுதிக்கொண்ட ‘அபாய் கெசெர்’. ரஷ்ய மொழிபெயர்ப்பும் அகராதியும்தான் துணை.

சாஹா துருக்கிய மொழி, புரியாத்து மங்கோலிய மொழி. ஆனால் வீரன் குதிரையைக் கட்டும் கம்பம் இரண்டிலும் செர்கே! குறி தப்பாத வில்லாளி அங்கே பெர்கென், இங்கே மெர்கென். அழகியின் பெயரோடு அங்கே குவோ ஒட்டுகிறது (அய்தாலி குவோ), இங்கே கோஹோன் (ஊர்மாய் கோஹோன்). நோட்டில் அறுபது சொல் சேர்ந்துவிட்டது. ஒரே காவியம் இரண்டாகப் பிரிந்ததா?

வேர்க்கடலை:
அவ்வளவு தூரம் போகாதீர்கள். சாஹாக்களின் முன்னோர் பைக்கால் பக்கமிருந்து லேனா ஆற்றோடு வடக்கே போனவர்கள். மங்கோலிய மொழி பேசுவோரோடு நெடுநாள் பழகியதில் சொற்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. நிலத்துக்குச் சாஹாவில் ‘சிர்’ உண்டு, அது துருக்கியச் சொத்து. ஆனால் மனிதர் வாழும் நடு உலகம் ‘ஒர்தோ தோய்து’. அந்தத் தோய்து புரியாத்தின் ‘தைதா’தான். பெர்கெனும் குவோவும் அப்படி வந்தவையே. சாஹாச் சொல்லின் முதலில் ககரம் வல்லொலியாகத்தான் (g அல்ல, k) நிற்கும், அதனால்தான் மங்கோலியரின் கோ (go) இங்கே குவோ (kuo) ஆயிற்று.

அப்புறம், உங்கள் அறுபதில் ‘அல்தான்’ இருந்தால் ஜாக்கிரதை. புரியாத்துப் பாடகர் அல்தான் என்றால் தங்கம். சாஹாப் பாடகர் சொன்னால் செம்பு! தங்கத்துக்கு அவர்கள் சொல்வது ‘கிஹில் கோமுஸ்’, அதாவது சிவப்பு வெள்ளி. செம்பையும் சேர்த்து ஐம்பொன் என்கிற நமக்கு இது புரியாதா என்ன.

மேருமலை:
சொல்லை விட்டு வரியைப் பாருங்கள். ஒலோன்ஹோ தொடங்கும்போது ‘பிலிர்கி ஜில் பிதான் மிந்தாதிகார்’ என்று வரும். ‘பழைய ஆண்டுகளின் தொலைதூர முகட்டுக்கு அப்பால்’ என்று சொல்லலாம். அடுத்த வரியில் காலம் ஒரு விலங்கின் முதுகாகிவிடும். மங்கோலிய, புரியாத்து மரபில் தொடக்கம் வேறு: பாற்கடல் குட்டையாக இருந்தபோது, சும்பெர் மலை மேடாக இருந்தபோது. ஆமாம், நம் மேருவேதான், பௌத்தத்தோடு அங்கே போனது.

இன்னொன்று. சாஹா வீரனின் இனத்தை ‘கொஹ்சுத்தென் கொந்தொஸ்தோஹ் குன் உலூஹா’ என்பார்கள்: முதுகில் கடிவாளக் கயிறுள்ள, சூரியனின் மக்கள். கயிற்றின் மறுமுனை தேவர்கள் கையில். வாய்விட்டுப் படியுங்கள், முதல் மூன்று சொல்லும் ககர மோனை! அந்த உலூஹாவில் இருக்கும் உலூஸ் (மக்கள்) மங்கோலியர் வழி வந்த சொல், இன்றும் யாகூத்தியாவில் மாவட்டத்துக்கு அதே பெயர். சொல்லைக் கடன் வாங்கினார்கள், சரி. அந்தக் கயிற்றை அவர்களேதான் திரித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓலைவாசி:
அல்தான் மாட்டிக்கொண்டது. எட்டு இடத்தில் ‘தங்க’ என்று எழுதி வைத்திருக்கிறேன், அதில் ஐந்து ஒலோன்ஹோ. இன்றைக்கு ராத்திரி அதைத்தான் திருத்த வேண்டும். செர்கேயை மட்டும் விடமாட்டேன்.