பிளைண்ட் திருடும் முன் இடப்பக்கம் பாருங்கள்

போக்கரில் பிளைண்ட் திருடுவது பற்றிப் பேச்சு வந்ததால் டர்பனில் எனக்குக் கிடைத்த அனுபவத்தைச் சொல்கிறேன். கார்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பணம்தான் பிளைண்ட். பந்தயத்தை உயர்த்தி (ரெய்ஸ்), மற்றவர்களைக் கார்டை மடித்து விலகவைத்து அந்தப் பணத்தை எடுப்பதுதான் திருடுவது. அந்த இருவருக்கு முந்தைய இருக்கை பட்டன், அதற்கு முந்தையது கட்-ஆஃப், அதற்கும் முந்தையது ஹைஜாக். ஹைஜாக், கட்-ஆஃப் இருக்கைகளில் உட்கார்ந்தால் பலரும் தங்கள் கையில் இருக்கும் இரண்டு கார்டைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், இடப்பக்கம் இருந்து எனக்குப் பிறகு ஆடப்போகிறவர்கள் யார் என்பது.

சாட்ஸ்வர்த்தில் ஒரு நண்பர் வீட்டில் சனிக்கிழமை இரவு ஹோல்டம் போக்கர் ஆடுவோம். ஸ்மால் பிளைண்ட் 5, பிக் பிளைண்ட் 10 ராண்ட். மேசையில் பாதிப்பேர் சின்ன வயதில் இருந்தே துனீ என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். துனீயில் ஜாக்தான் பெரிய கார்டு, அடுத்தது 9. ஆளுக்கு 6 கார்டு வரும். எவ்வளவு மோசமான கார்டாக இருந்தாலும் ஆறையும் ஆடித்தான் ஆக வேண்டும். அப்படிப் பழகியவர்களுக்குக் கையை மடிக்க மனசே வராது. ஜாக்-9 வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம், எந்த ரெய்ஸாக இருந்தாலும் உள்ளே வந்துவிடுவார்கள்.

ஒருநாள் எனக்கு முன்னால் எல்லோரும் மடித்துவிட்டார்கள். கட்-ஆஃபில் இருந்து 25 ராண்ட் வைத்தேன். பட்டனும் ஸ்மால் பிளைண்டும் விலகினார்கள். பிக் பிளைண்டில் இருந்த பெரியவர் சிரித்தார். “போட்ட பத்து ராண்டை விட்டுட்டுப் போகச் சொல்றியா தம்பி? கால்.” அதாவது, நான் வைத்த அளவுக்கு அவரும் வைத்துத் தொடர்கிறார்.

அவர் செய்தது கணக்குப்படியும் சரி. நடுவில் 40 ராண்ட் இருக்கிறது, அவர் போட வேண்டியது 15தான். 27 சதவீதம் ஜெயிக்க வாய்ப்பிருந்தாலே அவருக்குக் கட்டுபடியாகும். அதனால் அந்த மேசையில் நான் திருடுவதே இல்லை. ஏஸ்-10, கிங்-குயின், ஜோடி மாதிரி, கால் வந்தாலும் தாங்கும் கார்டு இருந்தால் 40 ராண்ட் வைப்பேன், அவ்வளவுதான்.

கேசினோவில் நடக்கும் டோர்னமென்ட் வேறு உலகம். ஒரு கட்டத்தில் பிளைண்ட் 500, 1000, அதோடு பிக் பிளைண்ட் ஆண்டி (பிக் பிளைண்டில் இருப்பவர் எல்லோருக்குமாகச் சேர்த்து வைக்கும் கூடுதல் தொகை) 1000. யாரும் தொடாமலே நடுவில் 2500 கிடக்கிறது. 2200 ரெய்ஸ் செய்தால் 47 சதவீதம் தடவை எல்லோரும் மடித்தாலே போதும். ஹைஜாக்கில் இருந்தால் பின்னால் நான்கு பேர். ஒவ்வொருவரும் 85 சதவீதம் மடிப்பார்கள் என்று வைத்தாலும் நால்வரும் சேர்ந்து மடிப்பது 52 சதவீதம்தான். பட்டனில் இருந்தால் அதுவே 72. ஆண்டி இல்லாவிட்டால் கிட்டத்தட்ட 60 சதவீதம் தேவை, அப்போது ஹைஜாக்கில் வெறும் கார்டோடு கைவைக்கக் கூடாது.

அன்று பட்டனில் ஒரு பையன், அவனிடம் சுமார் 15 பிக் பிளைண்ட் அளவுக்குச் சிப்ஸ். அதற்கு முன் மற்றவர்கள் ரெய்ஸ் செய்தபோதெல்லாம் ஆல்-இன், அதாவது கையில் இருந்த எல்லாச் சிப்ஸையும், போட்டிருந்தான். எனக்கு ஹைஜாக்கில் ஏஸ்-6 வந்தது, வேறு வேறு ஜாதி (ஸ்பேட், ஹார்ட் மாதிரி). கையில் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் வழி 6ல் இருந்து 3 ஆகக் குறையும், திருட நல்ல கார்டுதான். ஆனாலும் மடித்தேன். அவன் ஆல்-இன் போட்டால் அந்தக் கார்டோடு கால் செய்ய முடியாது. கொஞ்ச நேரத்தில் அவன் வெளியேறிவிட்டான். அந்த இடத்துக்கு வந்தவர் ஒவ்வொரு கையையும் மடித்துக்கொண்டிருந்தார். பிளைண்டில் இருந்த இருவரும் பரிசு கிடைக்கும் இடம் வரை தாக்குப்பிடிக்கக் காத்திருந்தவர்கள். 7-6 ஒரே ஜாதியை வைத்து ரெய்ஸ் செய்தேன், ஒருவரும் வரவில்லை.

ஸ்ட்ராடில் (பிளைண்டுக்கு மேல் இன்னொருவர் கார்டு பார்க்கும் முன்பே வைக்கும் கூடுதல் பந்தயம்) போடும் மேசையில் ஹைஜாக்கில் இருந்து திருடிப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். மடிக்கவைக்க வேண்டிய ஆள் அங்கே இன்னும் ஒருவர் கூடிவிடுவதால் நான் தொடுவதில்லை.