அடா மொழியின் விதிகள் எங்கிருந்து வந்தன? உறுப்பினர்களின் அனுபவங்கள்

கொடைரோடு:

பெங்களூரில் விமான மின்னணு மென்பொருளைச் சரிபார்க்கும் பணியில் சேர்ந்த புதிதில், அடா என்ற நிரல்மொழியில் நான் எழுதிய முப்பது வரிச் சோதனை நிரலை, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்க மறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு முழு எண்ணை மிதவைப்புள்ளி எண்ணோடு (தசமப் பகுதி கொண்ட எண்) கூட்டியிருந்தேன், அதுதான் குற்றம். சி மொழியில் பழகிய எனக்கு, இப்படி ஒவ்வோர் இடத்திலும் வகைமாற்றத்தை, அதாவது ஒரு வகை எண்ணை வேறு வகையாக மாற்றும் கட்டளையை, கையால் எழுத வைப்பது வெறும் கெடுபிடியாகவே தோன்றியது. என் புலம்பலைக் கேட்ட குழுத் தலைவர் மேடம், விளக்கம் எதுவும் சொல்லாமல், 1978ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட ஸ்டீல்மேன் என்ற தேவை ஆவணத்தின் நகலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வகைகளுக்கு இடையே தானாக நடக்கும் மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது என்று அதில் ஒரே வரியில் எழுதியிருந்தது. மொழி பிறப்பதற்கு முன்பே அந்த விதி பிறந்துவிட்டது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றிரவு முழு ஆவணத்தையும் படித்தேன். எழுபதுகளில் அத்துறையின் திட்டங்களில் கிளைமொழிகளையும் சேர்த்து 450க்கும் மேற்பட்ட மொழிகள் புழங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கெல்லாம் மாற்றாக ஒரே மொழி வேண்டும் என்று 1975இல் ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு முதலில் மொழியை வடிவமைக்கவில்லை; மொழியிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை எழுதி, படைப்பிரிவுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அனுப்பி, வந்த மறுப்புகளைச் சேர்த்துத் திரும்பத் திரும்ப எழுதியது. வைக்கோல், மரம், தகரம், இரும்பு, கடைசியாக எஃகு (அதுதான் ஸ்டீல்மேன்) என்று ஒவ்வொரு பதிப்புக்கும் முந்தையதைவிட உறுதியான பொருளின் பெயரை வைத்தார்கள். (எஃகுக்கு மேல் எதைப் பெயராக வைத்திருப்பார்கள் என்று நாங்கள் தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்வதுண்டு.) இடையில், அப்போது வழக்கிலிருந்த 23 மொழிகளை அந்தத் தேவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, எதுவும் முழுமையாகப் பொருந்தாது என்று முடிவு செய்தார்கள்.

பிறகு வந்த முன்மொழிவுகளிலிருந்து நான்கு குழுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மதிப்பிடுபவர்கள் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சாயக்கூடாது என்பதற்காக அவற்றுக்குப் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப்பெயர்களை இட்டார்கள். நான்கு குழுக்களுமே பாஸ்கல் மொழியை அடித்தளமாக எடுத்துக்கொண்டும், ஒரே தேவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டும், நான்கு வேறு மொழிகளைக் கொடுத்தன. 1978இல் நீலமும் மஞ்சளும் கழிந்தன. 1979 மே மாதம், ஜான் இஷ்பியா தலைமையில் பிரெஞ்சு நிறுவனமொன்று வடிவமைத்த பச்சை வென்றது. அதற்கே அடா என்று பெயரிட்டார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. பிழைகளை இயங்கும் நேரத்திலேயே கண்டுபிடித்து அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் அதே ஆவணம், அந்தச் சோதனைகளைத் தேவைப்பட்டால் அணைத்துவைக்கவும் வழி வேண்டும் என்கிறது. அணைத்த பின் கிடைக்கும் மதிப்புகளுக்கு மொழி உத்தரவாதம் தராது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. நம்பகம் கேட்டவர்களும் வேகம் கேட்டவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, யாரும் விட்டுக்கொடுக்காமல் எழுந்து போன தடயமாகவே அதை நான் வாசிக்கிறேன்.

பொருநை:

கொடைரோடு அவர்கள் கடைசியாகச் சொன்னதை நான் வேறொரு வாசலில் எதிர்கொண்டேன். ஒரு பயிற்சி வகுப்பில், 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே சிதறியதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. நிலைகாட்டும் கருவியின் அடா நிரலில், 64 பிட் மிதவை எண் 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்காமல் போனதுதான் தொடக்கம். வகைமாற்றம் அங்கே வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. அந்த விதி மீறப்படவில்லை. ஆபத்தானவை என்று கண்டறியப்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் காப்பு எழுதி, செயலியின் பளு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இலக்குக்காக மூன்றை அப்படியே விட்டிருந்தார்கள். ஸ்டீல்மேனில் தீராமல் கிடந்த அதே இழுபறியைத் திட்டக்குழு தன் மட்டத்தில் மறுபடி தீர்க்க வேண்டியிருந்தது என்று நான் மாணவர்களிடம் சொன்னேன். இதற்கு மொழியைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாம் ஷிப்ட்:

நான் நிகழ்நேரக் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் வேலை செய்தவன். 1983இன் அடாவில் இரண்டு பணிகள் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகள்) தரவைப் பரிமாற வேண்டுமென்றால், ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருந்து சந்திக்க வேண்டும். படிப்பதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் பலர் தொடும் ஒரேயொரு மாறியைக் காப்பதற்குக்கூட, அதற்கென ஒரு காவல் பணியை உருவாக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது. எங்கள் பழைய நிரலில் அப்படி ஒன்பது காவல் பணிகள் இருந்தன; பணி மாறும் ஒவ்வொரு முறையும் நேரம் கரைந்தது.

உலகெங்கும் இதே முறையீடு எழுந்திருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. 1988இல் திருத்தப் பணி தொடங்கியபோது பயனர்களிடமிருந்து 700க்கும் மேற்பட்ட திருத்தக் கோரிக்கைகள் வந்து குவிந்தன. அவற்றைத் தேவைகளாகத் தொகுத்து, அவற்றின் மேல் வடிவமைத்த பிறகே 1995ஆம் ஆண்டின் தரத்தில் காப்புப் பொருள் என்ற அமைப்பு வந்தது; காவல் பணியே இல்லாமல் தரவுக்குப் பூட்டுப் போட முடிந்தது. அந்தத் திருத்தத்தை வடிவமைத்த குழு இன்டர்மெட்ரிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. 1979இல் தோற்றுப்போன சிவப்பு மொழியை முன்வைத்ததும் அதே நிறுவனம்தான். தோற்றவர் கையிலேயே வென்ற மொழியைச் செப்பனிடக் கொடுத்த அந்த நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். காப்புப் பொருள் வந்த பின், எங்கள் ஒன்பது காவல் பணிகளில் ஏழு பணிகளை நீக்கினோம்.

கொடைரோடு:

மூன்றாம் ஷிப்ட் ஐயா, உங்கள் பதிவு இன்னொன்றை நினைவூட்டியது. மதிப்பைத் திருப்பித் தரும் செயற்கூறு (function), தனக்குத் தரப்பட்ட அளபுருக்களை, அதாவது உள்ளீடுகளை, மாற்றக்கூடாது என்று 1983 முதல் ஒரு விதி இருந்தது. பக்கவிளைவுகளைக் குறைப்பதே நோக்கம். ஆனால் அதே செயற்கூறு, தனக்கு வெளியே உள்ள பொது மாறிகளைத் தாராளமாக மாற்றலாம். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த இந்த ஏற்பாட்டைப் பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாதிட்டு, 2012ஆம் ஆண்டின் தரத்தில்தான் தடையை நீக்கினார்கள். எங்கள் திட்டம் இன்னும் 1995ஆம் ஆண்டின் தரத்திலேயே சான்றிதழ் பெற்று நிற்பதால், புதிதாகச் சேர்ந்த பையன் சென்ற வாரம் இதே கேள்வியோடு வந்தான். அதே ஸ்டீல்மேன் நகலை அவன் மேசையிலும் வைத்திருக்கிறேன்.