பயந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கதை சொன்னீர்கள்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியை, பேராவூரணி பக்கம்:

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்கள் பகுதித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. பள்ளி திறந்த பிறகும் பல ஊர்களுக்கு மின்சாரம் வரவில்லை. என் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, ஜன்னல் கதவு காற்றில் அடித்தால் போதும், மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். சிலர் காலையிலேயே வயிற்று வலி என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை வளர்த்ததுபோல் வளர்த்த தோப்பைப் பறிகொடுத்த வீட்டில், பிள்ளையின் பயத்தை உட்கார்ந்து கேட்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

"ஒன்றும் ஆகாது, பயப்படாதே" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அதனால் புயலைக் கதைக்குள்ளேயே வரவிட்டேன்.

தென்னை விழுந்த இடங்களிலும் பனை பெரும்பாலும் நின்றது. அதை அவர்களே பார்த்திருந்தார்கள். அப்படி நின்ற ஒரு பனையில் கூடு கட்டிய தூக்கணாங்குருவிதான் கதை. தூக்கணாங்குருவி தன் கூட்டின் உட்புறத்தில் ஈரக் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக ஒட்டிவைக்கும். காற்றில் கூடு ரொம்ப ஆடாமல் இருப்பதற்கு என்று ஊரில் சொல்வார்கள். கதையில் காற்று வரும், கூடு ஆடும், குஞ்சு நடுங்கும். அம்மாக் குருவி, "இன்னும் ஓர் உருண்டை ஒட்டுவோம்" என்று சொல்லும். அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

குளத்துக் களிமண்ணை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்திருப்போம். ஆளுக்கு ஓர் உருண்டை பிடிப்பார்கள். பிடிக்கும்போது, தனக்குத் தைரியம் தருவது எது என்று சொல்லலாம். ஒருவன் "ஆயா" என்றான், ஒருவன் "டார்ச் லைட்" என்றான். மேசைக்கடியில் ஒளியும் சிறுமி உருண்டையை மட்டும் பிடித்துவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே, "அப்பா கூரைமேல் தார்ப்பாய் கட்டிவிட்டார். நைலான் கயிறு. நான் இழுத்துப் பார்த்தேன்" என்றாள். அந்தக் கயிற்றை அவள் எத்தனை முறை இழுத்துப் பார்த்தாளோ!

தினமும் அதே கதைதான். ஒரு சொல்லை மாற்றினால்கூட, "டீச்சர், அப்படி இல்லை" என்று திருத்துவார்கள். அடுத்து என்ன வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்று அந்த மாதத்தில் அவர்களுக்கு அதைத் தவிர வேறு இருக்கவில்லை. புதுக் கதை தேடி அலையாதீர்கள் என்று பெற்றோருக்கெல்லாம் இதனால்தான் சொல்கிறேன். சொன்னதையே சொல்லுங்கள்.

இன்னொன்றும் அழுத்திச் சொல்வேன். கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்காதீர்கள். பயந்துபோன பிள்ளைக்கு அது இன்னொரு பரீட்சை.

ஒரு தாய், மதுரை:

என் மகனுக்குத் தலசீமியா என்ற ரத்த நோய். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அதற்காகக் கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போடும் நிமிடம்தான் அவனுக்குக் கண்டம். முதல் நாள் இரவே சாப்பாடு இறங்காது. ஊசி போட்ட பிறகும் ஒரு பை ஏறி முடிய மூன்று, நான்கு மணி நேரம் படுக்கையிலேயே கிடக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மட்டும் சொல்வதற்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ். அவன்தான் கண்டக்டர். பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் ஏறுவார். ஆட்டுக்குட்டியோடு ஏறும் பாட்டிக்கு டிக்கெட் ஒன்றா இரண்டா என்பது எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. பையில் ரத்தம் குறையக் குறைய பஸ் திருமங்கலத்தை நெருங்கும். பை காலியானால் கடைசி நிறுத்தம். அப்பா அங்கே டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு நிற்பார்.

பஸ் புறப்பட வேண்டுமென்றால் கண்டக்டர் விசில் கொடுக்க வேண்டும். உதட்டைக் குவித்து, மூச்சு தீரும்வரை நீளமாக. சரியாக அந்த விசிலின்போதுதான் நர்ஸ் ஊசியைக் குத்துவார். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும் என்று மருத்துவர் எனக்குச் சொன்னார். மகனுக்கு அது தெரிய வேண்டியதில்லை, அவனுக்கு அது விசில்.

வலிக்காது என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். "வேகத்தடை வருகிறது, தூக்கிப் போடும், கம்பியைப் பிடித்துக்கொள்" என்பேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். கதை பொய் சொல்லிவிட்டால் அடுத்த மாதம் அந்த பஸ்ஸில் அவன் ஏற மாட்டான்.

செவிலியர், குழந்தைகள் பிரிவு:

மதுரைச் சகோதரி சொல்வதை நாங்கள் வார்டில் கண்ணால் பார்க்கிறோம். இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 2 முதல் 7 வயது வரையிலான 81 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்து, 2021இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு அரை மணி நேரம் போலக் கதை, இன்னொரு பிரிவுக்கு அதே நேரம் விடுகதை. முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு பிரிவிலுமே மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் குறைந்தது, பற்றுதலோடு தொடர்புடைய ஆக்சிடோசின் கூடியது. கதை கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இரு மடங்கு அளவுக்கு இருந்தது. வலியும் குறைந்ததாகச் சொன்னார்கள். என் மனத்தில் நின்றது வேறொன்று. செவிலியர் படத்தைக் காட்டி இவர் யார் என்று கேட்டபோது, கதை கேட்ட குழந்தைகள் நல்லவிதமாகப் பேசியிருக்கிறார்கள். ஊசியும் கையுமாகவே எங்களைப் பார்த்துப் பழகிய குழந்தைகள் அவர்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வெளியே சேட்டை செய்யும் பிள்ளையிடம் "நர்ஸ் அக்கா ஊசி போட்டுவிடுவார்" என்று மிரட்டாதீர்கள். அதுவும் ஒரு கதைதான். அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து படுக்கும்போது அந்தக் கதையும் கூடவே வந்து படுத்துக்கொள்கிறது.

பள்ளி ஆலோசகர், கோவை:

சேர்த்துச் சொல்ல ஒன்று உண்டு. கதை சொல்லும்போது பிள்ளையின் குறுக்கீட்டைக் கவனியுங்கள். ஒரு சிறுவன் எந்தக் கதையிலும் நரி வந்தால், "அது வீட்டுக்குள்ளேயே இருக்கும், வெளியில் யாருக்கும் தெரியாது" என்பான். மூன்றாவது முறை அவன் அதைச் சொன்னபோது கதையை நிறுத்தினேன். "அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டேன். மீதியை இங்கே எழுத மாட்டேன். பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அதேபோல் தூக்கமின்மை, படுக்கை நனைத்தல், பேச்சு குறைதல் எல்லாம் வாரக்கணக்கில் நீண்டால் கதையோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

முன்பள்ளி ஆசிரியை, மட்டக்களப்பு:

எங்கள் ஊரில் யுத்த காலத்திலேயே, 1996இல், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற பெயரில் சிறுவர்களுக்கான ஓர் இடம் தொடங்கப்பட்டது. யுத்தத்தைக் கண்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே ஒன்றாக இருந்து களிமண்ணில் உருவம் செய்வார்கள், வர்ணம் தீட்டுவார்கள், தாங்களே கதை கட்டுவார்கள். பேராவூரணி ஆசிரியை களிமண்ணைப் பற்றி எழுதியதை வாசித்தவுடன் அதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளையின் கைக்கு வேலை இருந்தால் வாய் தன்பாட்டில் திறக்கும். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை மண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கத்தாரில் வேலை செய்யும் ஒரு தந்தை:

நான் ஊரைவிட்டு வந்ததிலிருந்து மகள் இரவில் தூங்க மறுக்கிறாள். கைபேசியில் கதை ஒலிப்பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டுவிடச் சொல்லலாமா? எனக்குக் கதை சொல்லத் தெரியாது.

பேராவூரணி ஆசிரியை:

பதிவு மோசமில்லை, சார். ஆனால் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அது நிற்காது. நீங்களே பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். கதை தெரியாவிட்டால், இன்று காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். எந்த பஸ், என்ன சாப்பாடு, பக்கத்துக் கட்டிலில் யார், ஜன்னலில் என்ன தெரிகிறது என்று எல்லாவற்றையும். முடிக்கும்போது தினமும் ஒரே வரியில் முடியுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது நேரலையில் பேசி, அவளைச் சொல்லவிட்டு நீங்கள் கேளுங்கள். உங்கள் ஊருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே ஆறரை. வேலை முடிந்து அறைக்கு வரும் நேரம் அதற்கு ஒத்துவருமா என்று பாருங்கள்.