பழைய வீடியோ கேம்களில் புது சூப்பர்வைசர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

பின்னலாடை:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்சன் பார்க்கிறேன். புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆனவர்களிடம் அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் சமீபம் வரை பவர் டேபிளிலோ (தையல் மிஷின் வரிசை) செக்கிங்கிலோ இருந்தவர்கள். "தலைமைப் பண்பு" என்று ஆரம்பித்தால் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பழைய கேம் பேச்சு வந்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம். டிவியில் கேசட் போட்டு ஆடியது, பிரவுசிங் சென்டரில் ஆடியது என்று ஆளாளுக்குக் கதை வைத்திருக்கிறார்கள்.

அந்த வழியாகவே போகலாம் என்று நினைக்கிறேன். விடாமுயற்சி, குழு உணர்வு மாதிரி எல்லா கேமுக்கும் பொருந்துகிற பதில் வேண்டாம். ஒரு கேம், அதில் ஒரு இடம், அது ஃப்ளோரில் எங்கே வருகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கேசட்பெட்டி:

கான்ட்ரா என்கிற துப்பாக்கிச் சண்டை கேம், மூன்றாவது ஸ்டேஜ், அருவி. இரண்டு பேர் சேர்ந்து ஆடினால், முன்னால் இருப்பவன் ஏற ஏறத் திரை மேலே நகரும். பிறகு கீழே இறங்காது. பின்தங்கியவன் நிற்கும் இடம் திரைக்குக் கீழே போய்விட்டால் அவனுக்கு ஒரு உயிர் போச்சு. எதிரி சுடவே வேண்டாம், கூட வந்தவனின் வேகமே போதும். அதுவும் நன்றாக ஆடத் தெரிந்தவன்தான் இப்படிக் கூட்டாளியைக் கொல்வான்.

சூப்பர்வைசர் ஆக்குவது பெரும்பாலும் லைனிலேயே கை வேகமான டெய்லரைத்தானே? முதலில் அவரிடம் இதைச் சொல்லுங்கள். மேல் படியில் நின்று, வருகிற எதிரியைச் சுட்டுக்கொண்டே, கீழே இருப்பவன் ஏறிவரும்வரை காத்திருப்பவன்தான் இரண்டு பேரையும் உச்சிக்குக் கொண்டுபோவான்.

ஏரிக்கரை:

நானும் உங்கள் தொழில்தான், ஈரோட்டுப் பக்கம். லைன் சூப்பர்வைசராகத் தொடங்கியவள். எனக்கு இதில் சொல்ல ஒரே கேம்தான்: ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2, 1999-இல் என்செம்பிள் ஸ்டுடியோஸ் செய்தது. எல்லோரும் அதை யுத்த கேம் என்பார்கள். என்னைக் கேட்டால் அது கவனத்தை எங்கே வைப்பது என்கிற கேம்.

தொடக்கத்தில் பெரும்பாலான நாகரிகங்களுக்கு ஆட்களை உருவாக்கும் ஒரு டவுன் சென்டர், வேலை செய்கிற மூன்று வில்லேஜர்கள், வேவு பார்க்கும் ஒரு ஸ்கவுட், 200 உணவு. புது வில்லேஜர் ஒருவருக்கு 50 உணவும் 25 வினாடியும் ஆகும். ஆக நான்கு பேருக்குத்தான் கையிருப்பு. அது தீர்வதற்குள் ஆடு, பெர்ரி என்று எதையாவது கண்டுபிடித்து ஆட்களை அனுப்பிவிட வேண்டும். டவுன் சென்டர் ஒரு நிமிடம் சும்மா நின்றால் இரண்டு வில்லேஜர் குறைவு. அப்போது எந்த எச்சரிக்கையும் வராது, எந்தக் கட்டடமும் எரியாது. அரைமணி கழித்து எதிரி பெரிய படையோடு வந்து நிற்கும்போதுதான் தெரியும். பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வராமல் ஒரு ஓவர்லாக் மிஷின் காலையில் பத்து நிமிடம் நின்றது, சாயங்காலம் பீஸ் கணக்கு எடுக்கும்போதுதான் தெரிகிறதே, அதேதான்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது. சும்மா நிற்கும் வில்லேஜரைக் காட்ட அந்த கேமில் ஒரு பட்டன் உண்டு. கீபோர்டில் முற்றுப்புள்ளியைத் தட்டினாலும் நேராக அவரிடம் கொண்டுபோய்விடும். அவர் ஏன் நிற்கிறார்? வீடு கட்டச் சொன்னோம், கட்டி முடித்தார், அடுத்த வேலையை நாம் சொல்லவில்லை. அந்த கேமில் சோம்பேறி வில்லேஜர் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஃப்ளோரில் சும்மா நிற்கும் ஹெல்பரைப் பார்த்ததும் திட்டுகிற சூப்பர்வைசர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு அது பொறுக்காது. முதல் கேள்வி "ஏன்டா நிக்கற?" என்பதாக இருக்கக் கூடாது. "இவருக்கு அடுத்த வேலை யார் சொல்லியிருக்க வேண்டும்?" என்று சூப்பர்வைசர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பதில் அவராகவே இருக்கும்.

அப்புறம் வயல். முதலில் வந்த கேமில் 60 மரம் செலவழித்து வயல் போட்டால், 175 உணவு எடுத்ததும் தீர்ந்துவிடும். திரும்ப நாமேதான் தேடிப்போய் விதைக்க வேண்டும். எல்லையில் சண்டை உச்சத்தில் இருக்கும்போதுதான் இங்கே வயல்கள் வரிசையாகத் தீரும். கண்ணோ குதிரைப்படை மோதுகிற இடத்தை விட்டு வராது. 2000-இல் தி கான்கரர்ஸ் என்ற விரிவாக்கம் வந்தபோது இதைச் சரிசெய்தார்கள். உணவைக் கொண்டுவந்து சேர்க்கும் கட்டடமான மில்லில் முன்கூட்டியே மரத்தைக் கொடுத்து வரிசை போட்டு வைத்தால், தீர்ந்த வயல் தானாக விதைக்கப்படும். மரம் சேர்க்கும் லம்பர் கேம்ப் கட்டியவரும் கட்டி முடித்ததும் தானே மரம் வெட்டப் போவார். அந்த வரிசையால் ஒரு வீரனுக்கும் பலம் கூடவில்லை, ஆடுபவரின் கவனம்தான் மிச்சமானது. ஆனால் அதற்குப்பின் ஆட்டமே வேறாகிவிட்டது.

உங்கள் ஆட்களிடம் கேளுங்கள்: ஊசி, நூல் கோன், லேபிள், அடுத்த சைஸ் பண்டில், இதில் எதையெல்லாம் மில் வரிசையில் போடலாம்? பையரின் க்யூ.சி. (தரம் பார்ப்பவர்) வந்து நிற்கும் மேசைதான் அவர்களுடைய சண்டைக்களம். அங்கே அவர்கள் நிற்கும்போது பின்னால் லைன் தானாக ஓட வேண்டும்.

மிளகுரசம்:

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு தயக்கம். வில்லேஜருக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராது. சம்பள முன்பணம் கேட்க மாட்டார். நாலு பேர் முன்னால் திட்டினால் அடுத்த நாள் வேலைக்கு வராமல் இருக்க மாட்டார். சொன்ன உடனே எழுந்து போகிற ஆட்களை வைத்துத் தலைமை கற்றால், ஆட்களை மிஷினாகப் பார்க்கிற பழக்கம்தான் வரும். புதுசாக அதிகாரம் கிடைத்தவர்களிடம் இதைச் சொல்லிக்கொடுப்பது ஆபத்து.

பழையடிஸ்க்:

மிளகுரசத்துக்கு: மனசு இருக்கிற ஆட்களோடும் பழைய கேம் உண்டு. 1994-இல் வந்த யு.எஃப்.ஓ: எனிமி அன்னோன், வேற்றுக்கிரகவாசிகளோடு சிப்பாய்களை வைத்துச் சண்டை போடும் கேம். ஒவ்வொரு சிப்பாய்க்கும் பெயர் உண்டு, தைரியம், மனத்திடம் என்று தனித்தனி எண்கள் உண்டு. கூட வந்த ஒருவன் செத்தால் மற்றவர்களின் மனத்திடம் இறங்கும். ரொம்ப இறங்கினால் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள். துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள், அல்லது கண்டபடி சுடுவார்கள். ரேங்க் உயர்ந்த அதிகாரி களத்தில் இருந்தால் அந்தச் சரிவு குறையும். அவரே செத்துவிட்டால் சாதாரண சிப்பாய் சாவதைவிட அதிகமாகச் சரியும். அதனால் கேப்டனை முதல் ஆளாகக் கதவைத் திறக்க அனுப்பக் கூடாது. அதற்காக வந்த விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்தால் அவர் அனுபவம் பெற மாட்டார். எங்கே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும்.

ஏரிக்கரை:

மிளகுரசம், நீங்கள் சொல்வது நியாயம். வில்லேஜரை வைத்து ஆட்களை நடத்தும் விதத்தைச் சொல்லித்தர முடியாது. நான் சொன்னது சூப்பர்வைசர் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைத்தான். திட்டுவதற்கு முன் தன் பக்கம் பார்ப்பவர் ஆட்களை மிஷினாகப் பார்க்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் லெம்மிங்ஸ். 1991-இல் டி.எம்.ஏ. டிசைன் செய்தது. குட்டி உருவங்கள் கூட்டமாக நடந்துகொண்டே இருக்கும், பள்ளம் வந்தாலும் நிற்காது. ஒன்றை பிளாக்கர் ஆக்கினால் கையை விரித்துக்கொண்டு நின்று மற்ற எல்லோரையும் திருப்பிவிடும். ஆனால் நிற்கச் சொன்னபின் நடக்கச் சொல்ல வழியில்லை. ஒன்று அதை வெடிக்க வைக்க வேண்டும், இல்லை அதன் காலடி மண்ணைத் தோண்டி இறக்கிவிட வேண்டும். அவசரத்தில் எல்லோரும் வெடிக்கத்தான் வைப்பார்கள்.

ஒவ்வொரு ஃப்ளோரிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். ஃபைனல் செக்கிங் மேசையில் நம்பிக்கையான அக்கா ஒருவரை நிறுத்துவோம். ஷிப்மென்ட் தப்பு இல்லாமல் போகும். அவர் நன்றாகச் செய்கிறார் என்பதாலேயே அங்கிருந்து நகர்த்த மாட்டோம், லீவும் யோசித்துத்தான் கொடுப்போம். உங்கள் சூப்பர்வைசர்களிடம் அந்தப் பெயரைக் கேளுங்கள். இந்த மாதமே அவர் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்துப் பழக்கச் சொல்லுங்கள்.

பின்னலாடை:

எல்லோருக்கும் நன்றி. அரைமணிக்கு இரண்டு போதும் என்று நினைக்கிறேன். கை வேகமான ஒருவரையும் கான்ட்ரா ஆடியே பழகாத ஒருவரையும் சேர்த்து அருவி ஸ்டேஜை ஆட வைக்கிறேன், மற்றவர்கள் பார்க்கட்டும். அது முடிந்ததும் சும்மா நிற்கும் வில்லேஜர் பட்டன். பிளாக்கர் பற்றி மேடையில் பேசப் போவதில்லை. எங்கள் செக்கிங் மேசையில் யார் என்று படிக்கும்போதே தெரிந்துவிட்டது. அதை எங்கள் மேனேஜரிடம் தனியாகப் பேசுகிறேன் அக்கா.

கேசட்பெட்டி, உங்களிடம் இன்னும் வேலை செய்கிற செட் இருக்கிறதா? இரண்டு கன்ட்ரோலரும் சரியாக இருக்க வேண்டும்.